31 நாள் முடிஞ்ச பிறகுதான் தாயை வடிவாப் பாக்கோணும்

தம்பி, நீங்கள் எழுதினதை ரெண்டு தரம் வாசிச்சனான். பிள்ளை பிறந்து அஞ்சு கிழமை, மனுசி காரணமில்லாமல் அழுறா, பிள்ளை நித்திரை கொண்டாலும் அவா முகட்டைப் பாத்தபடி முழிச்சுக்கொண்டு கிடக்கிறா, பிள்ளையைக் கையில குடுக்கப் போனால் "நீங்களே வச்சிருங்கோ" எண்டுறா, உங்கட அம்மா "நாங்கள் ஆறு பெத்தனாங்கள், இப்பத்தையப் பிள்ளையளுக்கு எல்லாத்துக்கும் பஞ்சி" எண்டு சொல்லுறா, இது வருத்தமோ இல்லாட்டி போகப் போகச் சரியா வருமோ எண்டு கேட்டிருக்கிறியள். நான் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில கன வருசம் குடும்பநல உத்தியோகத்தரா, அதாவது மிட்வைஃபா வேலை செய்து இப்ப ஓய்வில இருக்கிறன். டொக்டர் இல்லை. ஆனால் பிள்ளை பெத்த வீடுகளுக்க கனக்கப் போய் வந்தனான், அந்தத் தாய்மாரோட இருந்து கதைச்சனான். அதால சுத்தி வளைக்காமல் சொல்லுறன், நீங்கள் எழுதினதைப் பாத்தால் இது வருத்தம் மாதிரித்தான் கிடக்கு, இந்தக் கிழமைக்குள்ள காட்டோணும். காட்டினால் மாறும். அதையும் இப்பவே சொல்லிப்போடுறன், ஏனெண்டால் நீங்கள் பயந்து போயிருக்கிறது எழுத்திலயே தெரியுது.

முதல்ல நாளை எண்ணுங்கோ. பிள்ளை பிறந்து மூண்டாம் நாள் நாலாம் நாளில தாய் அழாட்டித்தான் புதினம். பால் கட்டி நெஞ்சு கனக்கேக்க, வாட்டால வீட்ட வந்த அண்டைக்கு, ஆரும் ஒரு சொல் சொன்ன உடன பொலபொலவெண்டு கண்ணீர் வரும், அடுத்த அரைமணியில சிரிப்பினம். பத்துத் தாய்மாரில அஞ்சு தொடக்கம் எட்டுப் பேர் வரைக்கும் இது வரும். நஞ்சுக்கொடி விழுந்த கையோட உடம்பில இருந்த ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டரோன் எண்ட ஹோர்மோன்கள் ரெண்டும் ரெண்டு மூண்டு நாளுக்குள்ள அடியோட இறங்கிப் போகும், ஒன்பது மாசம் ஏறினது அவ்வளவும். அந்த இறக்கத்தில மனம் தளும்பும். அதுக்கு மருந்து தேவையில்லை, ஆறுதலும் நித்திரையும் சாப்பாடும் போதும், அஞ்சாம் நாளளவில உச்சத்துக்கு வந்து ரெண்டு கிழமைக்குள்ள தானா அடங்கிப்போகும்.

உங்கட மனுசிக்கு 35 நாள். ரெண்டு கிழமை எப்பவோ தாண்டிட்டுது. அதோட குறையாமல் கூடிக்கொண்டு போகுது எண்டு வேற எழுதியிருக்கிறியள். இதுதான் பிள்ளைப்பேறுக்குப் பிறகு வாற டிப்பிறெஷன், மனச்சோர்வு வருத்தம். உலகம் முழுக்க எடுத்தால் எட்டுப் பத்துத் தாய்மாரில ஒருத்தருக்கு வருது, எங்களைப் போல நாடுகளில அதிலும் கூட. ஆனபடியால் உங்கட வீட்டுக்கு மட்டும் வந்த ஒரு புதினம் எண்டு நினைக்க வேண்டாம். உங்கட ஒழுங்கையிலயே எத்தனை வீட்டில வந்து, ஆருக்கும் சொல்லாமல் போயிருக்கும்.

இதில எங்கட ஊரில நடக்கிற ஒரு விசயம் எனக்குப் பிடிபடக் கொஞ்சக் காலம் எடுத்தது. எங்கட ஆக்கள் முதல் 31 நாள் தாயைப் பாக்கிற மாதிரி வேற ஆரும் பாக்க மாட்டினம். பெத்த தாய் வந்து நிப்பா, பத்தியக்கறி, உள்ளி, மிளகு, வேது வச்சுக் குளிப்பாட்டு, நாரிக்குத் துணி கட்டுறது, பிள்ளைக்கு எண்ணெய் பூசி வெயில் காட்டுறது எண்டு வீடே அவவைச் சுத்தி நிக்கும். பழைய ஆக்கள் துடக்கு (பிள்ளை பெத்த தீட்டு) எண்டு சொல்லி வச்ச அந்த ஓய்வு, தாய்க்குப் பெரிய மருந்து. (தண்ணி குடுக்காமல் விடுறதை மட்டும் சேர்க்காதேங்கோ, பால் குடுக்கிற தாய்க்குத் தண்ணியைக் குறைக்கிறது பிழை.) பிறகு 31ம் நாள் துடக்குக் கழிவு, பிள்ளைக்குப் பேர், காப்பு, சொந்தக்காரருக்குச் சாப்பாடு, அடுத்த நாள் அம்மம்மா பையைத் தூக்கிக்கொண்டு தன்ர வீட்ட போயிடுவா. மனுசன் வேலைக்கு. முற்றம் கூட்டிறது, சமையல், உடுப்புத் தோய்க்கிறது எல்லாம் திரும்ப இவவின்ர தலையில. ஆனால் இந்த டிப்பிறெஷன் முளைக்கிறதே கனபேருக்கு நாலாம் கிழமைக்கும் மூண்டாம் மாசத்துக்கும் இடையிலதான். ஒரு வருசம் வரைக்கும் எப்பவும் வரலாம். அதாவது எல்லாரும் கையை எடுக்கிற நேரம் பாத்துத்தான் வருத்தம் வருது. மிட்வைஃப்மாரான எங்களுக்கும் அப்பிடித்தான், முதல் பத்து நாளுக்குள்ள ரெண்டு தரம் வீட்ட போவம், பேந்தும் போவம், ஆனால் முதலில போகேக்க பாக்கிறது கூடுதலா இரத்தப்போக்கு, காய்ச்சல், தையல், கொப்பூழ், பால். அப்ப அந்தத் தாய் சிரிச்சுக்கொண்டு தேத்தண்ணி தந்திருப்பா. நாப்பதாம் நாள் போய்ப் பாத்தால் வேற முகம்.

உங்கட மனுசி நித்திரை கொள்றா இல்லை எண்டது எனக்கு ஏன் உறுத்துது எண்டால், பச்சைக்குழந்தை உள்ள வீட்டில எந்தத் தாயும் களைச்சுத்தான் இருப்பா, பிள்ளை கண்ணை மூடினால் இவவும் இருந்த இடத்திலயே சரிஞ்சிடுவா. பிள்ளை நித்திரை, வீடு அமைதி, பாயும் இருக்கு, ஆனால் நித்திரை வரேல்லை எண்டால் அது களைப்பு இல்லை. நான் எந்தத் தாயிட்டையும் "கவலையா இருக்கோ" எண்டு முதல்ல கேக்கிறேல்லை, "இல்லை மிஸ்" எண்டுதான் பதில் வரும். "பிள்ளை படுத்தால் நீங்களும் படுப்பியளோ, படுத்தால் நித்திரை வருமோ" எண்டு கேப்பன். அதுக்குப் பொய் சொல்ல மாட்டினம், அந்தக் கேள்வியிலதான் கனபேர் உடைஞ்சு அழத் தொடங்கினவை.

வேற எப்பிடி எப்பிடி வரும் எண்டால், எல்லாருக்கும் அழுகையா வராது. சிலருக்கு எரிச்சலா வரும், மூத்த பிள்ளைக்கு அடிக்கிறது, மனுசனோட கத்துறது. சிலருக்கு ஒண்டுமே இல்லாமல் மரத்துப் போன மாதிரி, "பிள்ளையைப் பாத்தால் ஆரோ விட்ட பிள்ளை மாதிரிக் கிடக்கு மிஸ்" எண்டு ஒரு இளம் தாய் என்னட்டச் சொன்னவா, சொல்லிப்போட்டு வாயைப் பொத்தினவா. சிலருக்குப் பயம், பிள்ளை மூச்சு விடுதோ எண்டு இரவிரவா மூக்கில கை வச்சுப் பாக்கிறது. "நான் நல்ல தாய் இல்லை, நான் இல்லாட்டி இதுகள் நல்லா இருக்கும்" எண்ட கதை வந்தால் அதைப் பகிடியா எடுக்காதேங்கோ.

இன்னொண்டு, இதை ஆரும் வெளியில கதைக்கிறேல்லை, அதால கொஞ்சம் விரிவாச் சொல்லுறன். கனக்கத் தாய்மாருக்கு ஒரு நினைப்பு மின்னல் மாதிரி வந்து போகும், கிணத்தடியில பிள்ளையோட நிக்கேக்க "கை நழுவி விழுந்திட்டால்", காய் வெட்டேக்க "இந்தக் கத்தியால நானே ஏதும் செய்துபோட்டால்" எண்டு. வந்த உடன அவவுக்கே நெஞ்சு பதறும், கிணத்தடிக்கே போக மாட்டா, கத்தியை ஒளிச்சு வைப்பா, பிள்ளையைத் தூக்கப் பயப்பிடுவா. தாங்கள் பேய்ப்பிறவி எண்டு நினைச்சு மூச்சுக் காட்ட மாட்டினம். தம்பி, அந்த நினைப்பைக் கண்டு பயப்பிடுற தாய் பிள்ளையைக் காப்பாத்தத்தான் பாக்கிறா. அது பதட்டத்தால வாற நினைப்பு, நல்லா இருக்கிற தாய்மாருக்கும் வரும், அவவின்ர விருப்பம் இல்லை. உங்கட மனுசி பிள்ளையைத் தூக்காமல் விடுறதுக்கு இதுவும் காரணமா இருக்கலாம், பாசம் இல்லாமல் இல்லை. ஆறுதலாக் கேளுங்கோ, "கனபேருக்கு இப்பிடிப் பயங்கர நினைப்பு வாறதாம், உமக்கும் வாறதோ" எண்டு. டொக்டரிட்டையும் சொல்லலாம், சொன்னால் அவைக்கு விளங்கும்.

இதில இருந்து முழுக்க வேற ஒண்டு இருக்கு, அதைப் பிரிச்சறியோணும். பழைய ஆக்கள் சன்னி எண்டு சொல்லுறது. ஆயிரம் தாய்மாரில ஒருத்தர் ரெண்டு பேருக்குத்தான் வரும், கூடுதலா முதல் ரெண்டு கிழமைக்குள்ள, அதுவும் சட்டெண்டு. ரெண்டு மூண்டு நாள் நித்திரையே இல்லாமல் ஆனால் களைப்பும் இல்லாமல் ஓடியாடித் திரிவா, கதை கூடும், ஒண்டுக்கொண்டு தொடர்பில்லாமல் கதைப்பா, இல்லாத சத்தம் கேக்கும், பிள்ளை தன்ரதில்லை மாத்திப்போட்டினம் எண்டுவா, பிள்ளைக்குள்ள சாமி இருக்கு இல்லாட்டிப் பேய் இருக்கு எண்டுவா. இங்க அந்த நினைப்பைக் கண்டு அவவுக்குப் பயம் வராது, அதை உண்மை எண்டு நம்புவா. அதுதான் ஆபத்து. அப்பிடிக் கண்டால் திருநீறு போடுற இடத்துக்கும் நூல் கட்டுற இடத்துக்கும் கொண்டு ஓடி நாளைக் கழிக்காமல், தாயையும் பிள்ளையையும் தனிய விடாமல், அதே மணித்தியாலத்தில ஆஸ்பத்திரி. 1990 எண்டு அடிச்சால் அம்புலன்ஸ் வரும், காசில்லை. முன்னம் பைபோலர் வருத்தம் (மனம் மாறி மாறி உச்சத்துக்கு ஏறியும் அடியோட இறங்கியும் போறது) இருந்த ஆக்களுக்கும், முதல் பிள்ளைக்கு இப்பிடி வந்த ஆக்களுக்கும் இது வரக்கூடிய சாத்தியம் கன மடங்கு கூட, அவை பிள்ளை தங்கின உடனயே டொக்டருக்குச் சொல்லி வைக்கோணும். பயங்கரமாக் கிடந்தாலும் கெதியா வைத்தியம் செய்தால் நல்லாச் சுகம் வாற வருத்தம் இது. கோயிலுக்குப் போறதை நான் மறிக்கேல்லை, நானும் நல்லூரானை நம்பிற ஆள்தான், ஆஸ்பத்திரியால வந்து போங்கோ.

இப்ப உங்கட அம்மாவின்ர கதைக்கு வாறன். அவாவில கோவிக்காதேங்கோ. "நாங்கள் பங்கருக்குள்ள பெத்தனாங்கள், எங்களுக்கு ஒண்டும் வரேல்லை" எண்டு எத்தனை மாமியார் என்னட்டச் சொன்னவை. என்ர அக்கா 1995ம் ஆண்டு ஒக்டோபர் 30 சண்டையால வலிகாமச் சனம் முழுக்க எழும்பி இடம்பெயரேக்க பன்னிரண்டு நாள் பிள்ளையோட, மழைக்குள்ள, நாவற்குழிப் பாலத்தால சனத்தோட சனமா நடந்தவா. பாலத்துக்கு அங்கால தென்மராட்சியில ஒரு பள்ளிக்கூடத்துச் சுவரோட ஒட்டினபடி மாசக்கணக்கா ஒண்டும் கதைக்காமல் இருந்தவா, பிள்ளைக்குப் பால் குடுப்பா, குடுத்துப்போட்டுப் பக்கத்தில வச்சிடுவா. பிள்ளையைத் தூக்கித் திரிஞ்சது நான்தான். எல்லாரும் இடம்பெயர்ந்த கவலை எண்டுதான் நினைச்சம். இந்த வேலைக்கு வந்து, படிச்ச பிறகுதான் எனக்கு அது என்னெண்டு விளங்கினது, விளங்கின அண்டைக்கு நான் அழுதனான். அக்கா இண்டைக்கும் அந்தக் காலத்தைப் பற்றிக் கதைக்க மாட்டா, அந்தப் பிள்ளை இப்ப கலியாணம் கட்டிட்டான். அந்தத் தலைமுறைக்கு வரேல்லை எண்டு இல்லை, வந்ததுக்குப் பேர் இல்லை. உங்கட அம்மாவிட்ட ஒரு பின்னேரம் சும்மா இருந்து "என்னைப் பெத்தாப்பிறகு உங்களுக்கு எப்பிடி அம்மா இருந்தது" எண்டு கேட்டுப் பாருங்கோ. அவா என்ன சொல்லுறா எண்டதை வடிவாக் கேளுங்கோ.

அதோட அந்தக் காலத்தில ஒரு வளவுக்குள்ள அம்மம்மா, சின்னம்மா, மச்சாள் எண்டு நாலு பொம்பிளையள். இப்ப பாதிச் சொந்தம் கனடாவிலயும் லண்டனிலயும், மாமி வீடியோ கோலில வந்து "பிள்ளை மெலிஞ்சு போச்சே, பால் காணாதோ" எண்டு கேட்டுப்போட்டு வைக்கிறா. பிள்ளை பாக்க வாற சனமும் அப்பிடித்தான், பேபி சோப் பெட்டியைக் குடுத்துப்போட்டு "தாய் கறுத்துப் போனா", "ஏன் சீசர் செய்தவை", "அடுத்தது பெடியனாப் பெறும்". அவை கேட்டுப்போட்டுப் போயிடுவினம், இவா அதை ராமுழுக்க நினைச்சுக்கொண்டு கிடப்பா. கொஞ்ச நாளைக்கு நீங்கள் வாசலிலயே நிண்டு கதைச்சு அனுப்புங்கோ. குறை நினைச்சால் நினைக்கட்டும்.

சரி, எங்க போறது? உங்கட பகுதி மிட்வைஃப் மிஸ்ஸின்ர நம்பர் கர்ப்பிணித்தாய் அட்டையில இருக்கும், அவவுக்குப் போன் எடுத்து வரச்சொல்லுங்கோ. பத்துக் கேள்வி உள்ள ஒரு தாள் இருக்கு, 1987ல ஸ்கொட்லாந்தில, எடின்பரோவில இந்த வருத்தத்துக்கெண்டே செய்தது, தமிழிலயும் இருக்கு. கடைசி ஏழு நாளில எப்பிடி இருந்தது எண்டு கேக்கும், 30 புள்ளி. களைப்பு, பசியின்மை, உடம்பு நோவு எண்டு ஒண்டும் அதில கேக்கிறேல்லை, ஏனெண்டால் பிள்ளை பெத்த ஆருக்கும் அது இருக்கும்தானே, மனத்தை மட்டும்தான் கேக்கும். 13 இல்லாட்டி அதுக்கு மேல வந்தால் வருத்தம் எண்டே நினைச்சு நடக்கோணும், 10 வந்தாலே நாங்கள் விடுறேல்லை. பத்தாவது கேள்வி தனக்குத் தானே ஏதும் செய்ய நினைப்பு வந்ததோ எண்டு. மொத்தப் புள்ளி எவ்வளவு குறைவா இருந்தாலும் அந்த ஒண்டுக்கு "ஓம்" எண்டால் அண்டைக்கே டொக்டர். நீங்களும் இதை அவவிட்ட நேராக் கேக்கலாம், "சாகோணும் போல கிடக்கோ" எண்டு. கேட்டால் அந்த எண்ணம் வந்திடும் எண்டு சனம் பயப்பிடுது, அப்பிடி இல்லை, கேட்டால் பாரம் குறையும்.

அதோட எம்ஓஎச் (பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி) ஒஃபிசில டொக்டரைச் சந்திக்கலாம், யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியிலயும் தெல்லிப்பழை ஆஸ்பத்திரியிலயும் மனநலப் பிரிவு இருக்கு, காசில்லை. "பைத்தியக் கிளினிக்குக்குப் போகினம் எண்டு சனம் சொல்லும்" எண்டு நினைச்சால், பிள்ளைக்கு ஊசி போடக் கொண்டு போற அண்டைக்கே கிளினிக்கில மெல்லமாச் சொல்லுங்கோ, அவை வழி காட்டுவினம். இரவில ஆரும் இல்லாட்டி 1926, மனநல உதவி இலக்கம், எந்த நேரமும் எடுக்கலாம். டொக்டரிட்டப் போகேக்க இரத்தம் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கோ. இரத்தச்சோகை இருந்தால் இதே மாதிரித்தான் சோர்ந்து கிடப்பினம், கழுத்தில இருக்கிற தைரொயிட் சுரப்பி குழம்பினாலும் அப்பிடி, பிள்ளை பெத்த நூறு பேரில அஞ்சு பேரளவுக்குத் தைரொயிட் குழம்பும், முதல்ல படபடப்பா இருந்து பேந்து அடியோட சோர்ந்து போவினம். மன வருத்தம் எண்டு நினைச்சுக்கொண்டிருந்து அது தைரொயிட்டா முடிஞ்சதும் நான் கண்டிருக்கிறன்.

குளிசை எண்டால் எல்லாருக்கும் தேவைப்படாது. கொஞ்சமா இருந்தால் கவுன்சிலிங்கும் வீட்டு உதவியுமே காணும். கூட எண்டால் குளிசை தருவினம், பால் குடுக்கிற தாய்க்கெண்டே பாத்துத் தருவினம், செர்ட்ரலின் எண்ட குளிசை பாலுக்குள்ள போறது மிச்சம் குறைவு, பாலை நிப்பாட்டத் தேவையில்லை. இதில வீடுகளில ரெண்டு பிழை நடக்கும். ஒண்டு, நாலு நாள் போட்டுப்போட்டு "ஒண்டும் வேலை செய்யேல்லை" எண்டு விடுறது, அது பிடிக்க ரெண்டு தொடக்கம் நாலு கிழமை எடுக்கும். மற்றது, ரெண்டு மாசத்தில முகம் தெளிஞ்ச உடன தாங்களே நிப்பாட்டிறது, சுகம் வந்தாப்பிறகும் ஆறு மாசமளவில போடச்சொல்லுவினம், டொக்டர் சொல்லித்தான் மெல்ல மெல்லக் குறைக்கோணும். தெரிஞ்ச பார்மசியில நித்திரைக் குளிசை வாங்கிக் குடுக்கிற வேலை மட்டும் வேண்டாம்.

நீங்கள் செய்யக்கூடியது எண்டு கேட்டால் நான் முதல்ல சொல்லுறது இரவு நாலஞ்சு மணித்தியாலம். ஒரே ஓட்டமா நாலஞ்சு மணித்தியாலம் அவா படுக்கோணும். ஒன்பது மணிக்குப் பால் குடுத்துப்போட்டு அவா வேற அறையில போய்ப் படுக்கட்டும், நீங்களோ அம்மாவோ பிள்ளையை வச்சிருங்கோ, இடையில ஒருக்கா எடுத்து வச்ச தாய்ப்பாலைக் கோப்பையால பருக்கலாம், மிஸ்ஸிட்டக் கேட்டால் காட்டித் தருவா. அவவுக்கு நித்திரை வராட்டிலும் படுத்திருக்கட்டும், பிள்ளையின்ர சத்தத்துக்குக் காது குடுக்காமல் கிடக்கிறதே பெரிய ஓய்வு. பகலில ஒருக்கா முற்றத்தில, வெயில் தாழ, உங்களோட நடக்கட்டும். "சந்தோசமா இரும், வடிவான பிள்ளை கிடைச்சிருக்குத்தானே" எண்டு சொல்லாதேங்கோ, அவவுக்குத் தெரியும், தெரிஞ்சும் சந்தோசம் வராததுதான் அவவைக் கொல்லுது. "இது வருத்தம், உம்மட பிழை இல்லை, மருந்து இருக்கு, நான் நிக்கிறன்" எண்டு சொல்லுங்கோ. ஒருக்காச் சொன்னால் காணாது, நாளுக்கு நாலு தரம் சொல்லுங்கோ.

உங்களையும் கேக்கோணும் தம்பி, நீங்கள் நித்திரை கொள்றியளோ? தகப்பன்மாரிலயும் பத்துக்கு ஒருத்தரளவில இதே டிப்பிறெஷன் வருது, அதுவும் தாய்க்கு வந்த வீட்டில கூட. எழுத்தில நீங்கள் உங்களைப் பற்றி ஒரு வரியும் எழுதேல்லை. டொக்டரிட்டப் போகேக்க அதையும் சொல்லுங்கோ.

மனுசியின்ர அம்மா 31 முடிஞ்சு போயிட்டா எண்டு எழுதினியள். அவவைத் திரும்பக் கூப்பிடுங்கோ. ரெண்டு மாசத்துக்கு வந்து நிக்கச் சொல்லுங்கோ, சம்பந்தியளுக்கு இடையில ஏதும் மனஸ்தாபம் எண்டால் நீங்களே நேர போய்க் கூட்டிக்கொண்டு வாங்கோ. நாளைக்கு வெள்ளன முதல் போன் மிஸ்ஸுக்கு, ரெண்டாவது போன் மாமிக்கு.